‘ப்ளடி’யில் ரத்தம் இருக்கிறதா?

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்பு. பள்ளி வேன் தாமதமாக வந்ததற்கு ‘ப்ளடி வேன்’ என்று சொல்லிவிட்டான். ‘கெட்ட வார்த்தை பேசுகிறான், கண்டிக்கவும்’ என்று டைரியில் எழுதி அனுப்பிவிட்டார்கள். நானும் பயந்துபோய் அகராதியை எடுத்துப் பார்த்தால் ‘ரத்தம் தோய்ந்த’ என்று போட்டிருக்கிறது. இதில் என்ன கெட்டது?
— ஒரு தாய், கும்பகோணம்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. உங்கள் பையன் சொன்னது இலக்கணம் பிசகாத ஆங்கிலம். லண்டனில் மழையில் நின்றுகொண்டு வேனுக்குக் காத்திருக்கும் ஒரு ஆள் அதே இடத்தில் அதே சொல்லைத்தான் போடுவார். அதே சமயம் டைரியில் எழுதியவரும் தவறாக எழுதவில்லை, இது பள்ளிக்கூடத்தில் பேசுகிற சொல் இல்லை.

நீங்கள் அகராதியில் பார்த்தது பழைய பொருள். ‘ரத்தக்கறை படிந்த’ என்ற அந்தப் பொருள் ஆங்கிலத்தில் ஆதிகாலம் தொட்டு இருக்கிறது, இன்றும் இருக்கிறது. அதே எழுத்து, அதே உச்சரிப்பு, ஆனால் வேலை முற்றிலும் வேறு என்று இன்னொரு ‘ப்ளடி’ 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேச்சில் வந்து சேர்ந்தது. அதற்குத் தனியாகப் பொருள் எதுவும் கிடையாது. பக்கத்தில் இருக்கும் சொல்லை அழுத்திக் காட்டுவதுதான் அதன் ஒரே வேலை. நம் வீட்டிலேயே இதற்கு ஆள் இருக்கிறது. ‘இந்த எழவு பூட்டு திறந்து தொலைய மாட்டேங்குது’ என்று சொல்கிறோம், பூட்டு வீட்டில் யாரும் செத்துப் போகவில்லை. ‘பாழாப்போன கரண்ட் இப்பவா போகணும்’ என்கிறோம். வேனுக்கு முன்னால் உங்கள் பையன் வைத்தது அந்த ‘எழவு’தான், அந்த ‘பாழாப்போன’தான்.

ஆனால் எரிச்சலுக்கு மட்டும்தான் அந்தச் சொல் என்று நினைத்துவிடாதீர்கள். ‘ப்ளடி குட்’ என்றால் ‘ரொம்பவே நன்றாக இருக்கிறது’ என்று மனதாரப் பாராட்டுவது. நாம் ‘கொள்ளை அழகு’ என்று சொல்லும்போது யாரும் எதையும் கொள்ளையடிக்கவில்லை, ‘பேய் மழை’யில் பேய் வரவில்லை, அது போல. இப்படி ‘மிகுதி’ என்ற ஒன்றை மட்டும் சுமந்து நிற்கிற சொற்களைத் தொல்காப்பியம் தனியாகவே எடுத்துச் சொல்கிறது: ‘உறு தவ நனி’ ஆகிய மூன்றும் மிகுதிப் பொருள் தருபவை என்று. அவை எல்லாம் சபையில் உட்காரும் சொற்கள், ப்ளடிக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு நுணுக்கம். இந்தச் சொல் எப்போதும் இன்னொரு சொல்லுக்கு முன்னால்தான் நிற்கும். ‘ப்ளடி வேன்’ சரி. ‘தி வேன் இஸ் ப்ளடி’ என்றால் வேனில் எங்கோ ரத்தம் சிந்தியிருக்கிறது என்று அர்த்தமாகிவிடும், கேட்டவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார். ஆனால் ஒரு சொல்லைப் பிளந்துகொண்டு அதன் நடுவிலேயே போய் உட்காரும் சாமர்த்தியம் அதற்கு உண்டு: ‘அப்ஸல்யூட்லி’ என்பதை ‘அப்ஸோ-ப்ளடி-லூட்லி’ என்பார்கள். அதிலும் அழுத்தம் விழுகிற அசைக்குச் சரியாக முன்னால்தான் நுழையும், யாரும் கற்றுக்கொடுக்காமலே ஆங்கிலக் குழந்தைகளுக்கு அந்த இடம் தெரிகிறது. வாய் தவறி விழுகிற சொல்லுக்கும் இலக்கணம் இவ்வளவு கறாராக இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்தான்.

கேள்வி: ‘மாதாவின் மேல் ஆணை’ என்று பொருள்படும் ‘பை அவர் லேடி’ என்பதுதான் சுருங்கிச் சுருங்கி ‘ப்ளடி’ ஆனதாக எங்கள் பேராசிரியர் சொன்னார். அதனால்தான் அது பாவச்சொல்லாம். உண்மையா?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: கேட்க அழகாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு தூரம் பரவியிருக்கிறது. ஆனால் நிற்காது. ‘பை அவர் லேடி’ என்பது ‘பைர் லேடி’ என்று சுருங்கியது உண்மை, ஷேக்ஸ்பியர் நாடகங்களில் தாராளமாக வருகிறது. அங்கிருந்து ‘ப்ளடி’க்கு வர ஒலி ரொம்பவே வளைய வேண்டும். சொல்லாராய்ச்சியாளர் எரிக் பார்ட்ரிட்ஜ் இது நடக்கக்கூடிய ஒலிமாற்றமே இல்லை என்று தள்ளிவிட்டார். எனக்கு அதைவிடப் பெரிய சான்றாகப் படுவது எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்டின் கடிதங்கள். அவர் ஒரு கடிதத்தில் ‘பைர் லேடி’ குளிர் என்று எழுதுகிறார், 1711இல் எழுதிய இன்னொன்றில் இன்று நடக்கும்போது ‘ப்ளடி’ வெயில் என்கிறார். ஒரே ஆள், ஒரே காலம், இரண்டையும் இரண்டு தனிச் சொல்லாகத்தான் கையாள்கிறார்.

‘கடவுளின் ரத்தத்தின் மேல் ஆணை’ என்ற பழைய சத்தியத்தின் மிச்சம் இது என்று இன்னொரு கதையும் உண்டு. ரத்தம் என்ற சொல் இருப்பதால் இது கொஞ்சம் பொருந்துவது போலத் தெரியும். ஆனால் சத்தியம் செய்கிற சொல் எப்படி ‘மிக’ என்கிற வேலைக்கு வந்தது என்பதற்கு அதில் பதில் இல்லை.

ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் சாய்ந்தது வேறொரு பக்கம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் பணக்கார வீட்டு இளவட்டங்கள் குடித்துவிட்டு ரகளை பண்ணிக்கொண்டு திரிந்தார்கள், அவர்களை ‘ப்ளட்ஸ்’ என்று அழைப்பார்கள். பெரிய இடத்து ரத்தம் என்ற பொருளில். ‘ப்ளடி ட்ரங்க்’ என்றால் அந்தப் பயல்கள் மாதிரி குடித்திருக்கிறான் என்று அர்த்தம். இதை ஏன் நம்பலாம் என்றால், இந்தச் சொல்லின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று 1676இல் மேடையேறிய ஜார்ஜ் எதரிஜின் நகைச்சுவை நாடகத்தில் இருக்கிறது, அங்கே அது குடியோடுதான் ஒட்டிக்கொண்டு வருகிறது. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஜெர்மன் மொழியில் ரத்தம் என்பதற்கான ‘ப்ளூட்’ என்ற சொல்லை முன்னால் ஒட்டி ‘ப்ளூட்யுங்’ என்றால் மிக இளைய, ‘ப்ளூட்ஆர்ம்’ என்றால் பரம ஏழை. அங்கே மாதாவும் இல்லை, சத்தியமும் இல்லை. ரத்தம் என்ற சொல்லே சூடானது, அழுத்திச் சொல்ல வேண்டும் என்றால் வாய்க்கு முதலில் வருவது. உங்கள் பேராசிரியரிடம் இதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: பொருளே இல்லாத சொல் என்கிறீர்கள். அப்புறம் ஏன் ஆங்கிலேயர்கள் அதை அச்சடிக்கக்கூட அஞ்சினார்கள்?
— ஓய்வுபெற்ற தபால்காரர், காரைக்குடி

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்த வாரப் பக்கத்தையே ஒதுக்கினேன் ஐயா.

மேலே சொன்ன ஸ்விஃப்ட் யார் தெரியுமா? பாதிரியார். பிறகு டப்ளின் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தின் தலைவரானவர். அப்படிப்பட்டவர் தனக்கு வேண்டிய பெண்ணுக்கு எழுதுகிற கடிதத்தில் சாதாரணமாக ‘ப்ளடி’ வெயில் என்று எழுதுகிறார். 1711இல் அதில் யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. நாற்பத்து நான்கே வருடம் கழித்து, 1755இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியில் அதைப் பற்றி ‘மிகவும் கொச்சையானது’ என்று குறிக்கிறார். 1880களில் ஆக்ஸ்போர்டு அகராதி அந்தச் சொல்லுக்கு வரும்போது, இது இப்போது கடைநிலை மக்களின் வாயில் ஓயாமல் புழங்குவது, கண்ணியமானவர்கள் இதைக் கொடூரமான சொல்லாகக் கருதுகிறார்கள், போலீஸ் செய்திகளில் பத்திரிகைகள் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் போட்டு நடுவில் கோடு இழுக்கின்றன என்று எழுதி வைத்திருக்கிறது.

அந்தக் குறிப்பிலேயே விடை இருக்கிறது. சொல்லின் பொருள் மாறவில்லை, அதைச் சொல்கிற வாய் மாறிவிட்டது. பிரபு வீட்டுப் பிள்ளைகள் சொன்னபோது துடுக்காக இருந்தது, கப்பல் கூலியும் கரி அள்ளுகிறவனும் சொல்லத் தொடங்கியதும் அசிங்கமாகிவிட்டது. ‘ரத்தம் என்பது மதத்தோடு சம்பந்தப்பட்டது’, ‘பெண்களின் மாதவிலக்கோடு சம்பந்தப்பட்டது’ என்றெல்லாம் காரணம் பிற்பாடு தேடிக் கண்டுபிடித்தார்கள். எனக்கு அவை எதிலும் நம்பிக்கை இல்லை. நம்மிடமும் இது நடந்திருக்கிறது. ‘நாற்றம்’ என்றால் ஒரு காலத்தில் நறுமணம். ‘சேரி’ என்றால் வெறும் குடியிருப்பு, பார்ப்பனச் சேரி என்றுகூடப் பழைய நூல்களில் உண்டு. எந்தச் சொல் யாரோடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்து அதைத் தள்ளி வைக்கிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது.

தடை வந்ததும் பதிலிச் சொற்கள் முளைத்தன: ‘ப்ளூமிங்’, ‘ப்ளாஸ்டட்’, ‘ரட்டி’. ரட்டி என்றால் செந்நிறம். ரத்தத்தைச் சொல்லாமல் ரத்தத்தின் நிறத்தைச் சொல்லித் தப்பிப்பது. அதுவும் சிலருக்குப் பொறுக்கவில்லை. 1887 ஜனவரியில் நாடக ஆசிரியர் கில்பர்ட்டும் இசையமைப்பாளர் சல்லிவனும் ‘ரட்டிகோர்’ என்றொரு இசை நாடகத்தை லண்டன் சவாய் அரங்கில் போட்டார்கள். தலைப்பைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இருந்ததால் சில நாட்களிலேயே அதில் ஒரு எழுத்தை மாற்றினார்கள். ‘ரட்டி’ என்ற சொல்லில் கடைசியில் நிற்கிற ‘ஒய்’யை எடுத்துவிட்டு ‘ஐ’ போட்டார்கள், உச்சரிப்பு அப்படியே இருந்தது, பார்க்க மட்டும் அந்தச் சொல் இல்லை.

பிறகு வந்தது 1914 ஏப்ரல் 11. பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ லண்டனில் முதன்முதலாக மேடையேறிய நாள். தெருவில் பூ விற்கிற எலைசா என்ற பெண்ணுக்கு ஒரு மொழியியல் பேராசிரியர் சீமாட்டி மாதிரி பேசக் கற்றுக்கொடுக்கிறார். மூன்றாவது அங்கத்தில் பெரிய மனிதர்கள் கூடியிருக்கும் வீட்டில் அவள் அப்பழுக்கில்லாத உச்சரிப்பில் பேசிக்கொண்டே வந்து, பூங்கா வழியாக நடந்து போகிறீர்களா என்று ஒரு இளைஞன் கேட்டதும், அதே சீமாட்டிக் குரலில் ‘நடப்பதா? நாட் ப்ளடி லைக்லி. டாக்சியில் போகிறேன்’ என்கிறாள். எலைசாவாக நடித்தவர் மிஸஸ் பேட்ரிக் கேம்பெல், அப்போதே புகழின் உச்சியில் இருந்த நடிகை. அரங்கில் சிரிப்பு அடங்க ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆனது. அந்தச் சொல் மேடையில் வரப்போகிறது என்று பத்திரிகைகள் முன்கூட்டியே பரபரப்பு கிளப்பியிருந்தன, வந்த பிறகும் நாட்கணக்கில் விவாதம் நடந்தது. கடைசியில் என்ன ஆனது என்றால், ‘ப்ளடி’ என்று சொல்லக் கூச்சப்பட்டவர்கள் ‘நாட் பிக்மேலியன் லைக்லி’ என்று நாடகத்தின் பெயரையே திட்டுச் சொல்லாக வைத்துக்கொண்டார்கள்.

ஷா செய்த காரியம் என்னவென்று பாருங்கள். உச்சரிப்பு சீமாட்டியுடையது, சொல் தெருவுடையது. இரண்டையும் ஒரே வாயில் வைத்ததும் சொல்லில் தப்பா, வாயில் தப்பா என்று சபைக்குப் புரியாமல் போய்விட்டது. அது வெறும் வேடிக்கைக்காக வைத்த வசனம் இல்லை, நாடகத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. 1956இல் அதே கதையை ‘மை ஃபேர் லேடி’ என்று இசை நாடகமாக எடுத்தபோது அந்தச் சொல்லுக்கு அதிர்ச்சி கொடுக்கும் பலம் தீர்ந்துபோயிருந்தது. குதிரைப் பந்தயக் காட்சியில் அவளை வேறொரு சொல் சொல்ல வைத்தார்கள்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் இதை யாருமே தப்பாக நினைப்பதில்லையாமே?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அங்கே அது உப்பு மாதிரி. 1847இல் வந்த ஒரு பயண நூலில் அலெக்சாண்டர் மார்ஜரிபேங்க்ஸ் என்பவர், ஒரு மாட்டு வண்டிக்காரர் கால் மணி நேரத்தில் இந்தச் சொல்லை 27 தடவை சொன்னதை எண்ணி வைத்திருக்கிறார். தூங்குகிற நேரம், சும்மா இருக்கிற நேரம் எல்லாம் கழித்துப் பார்த்தாலும் ஐம்பது வருடத்தில் அந்த ஆள் ஒரு கோடியே 80 லட்சம் தடவைக்கு மேல் சொல்லியிருப்பார் என்று கணக்கும் போட்டுவிட்டார். ‘மகத்தான ஆஸ்திரேலியப் பெயரடை’ என்று 1890களிலேயே அதற்குப் பட்டம் வந்துவிட்டது.

2006இல் அந்த நாட்டுச் சுற்றுலாத் துறை ஒரு விளம்பரம் எடுத்தது. உங்களுக்கு பீர் ஊற்றி வைத்தாயிற்று, ஒட்டகங்களைக் குளிப்பாட்டியாயிற்று, கடற்கரையில் இடம் பிடித்தாயிற்று என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு பெண் ‘வேர் த ப்ளடி ஹெல் ஆர் யூ?’ என்று கேட்பாள். தமிழில் சொன்னால் ‘எங்கேப்பா போய்த் தொலைஞ்சீங்க?’ அதே உரிமை, அதே பாசம். ஆனால் பிரிட்டனில் தொலைக்காட்சி விளம்பரங்களுக்கு அனுமதி தரும் அமைப்பு அந்தச் சொல்லைக் காட்டி முதலில் தடுத்துவிட்டது. ஆஸ்திரேலியச் சுற்றுலா அமைச்சரே லண்டனுக்குப் போய்ப் பேசிய பிறகு தடை விலகியது. அமெரிக்காவில் யாரும் இந்தச் சொல்லைச் சீந்துவதில்லை. அவர்களுக்கு அது ஆங்கிலேயரைப் போல நடித்துக் காட்டும்போது போடுகிற சொல்.

கேள்வி: பிரிட்டிஷ் வாடிக்கையாளரோடு தினமும் போன் மீட்டிங். அவர் ‘ப்ளடி சர்வர்’ என்று அடிக்கடி சொல்கிறார். கோபமாக இருக்கிறாரா? நானும் பதிலுக்குச் சொல்லலாமா?
— மென்பொருள் ஊழியர், சென்னை

பதில்: சர்வர் மேல்தான் கோபம், உங்கள் மேல் இல்லை. 2016இல் பிரிட்டனின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் மக்களிடம் கருத்துக் கேட்டு வகை பிரித்தபோது இது ‘மென்மையானவை’ என்ற கடைசிக் கூடையில்தான் விழுந்தது. இன்றைய மன்னர் சார்லஸ் இளவரசராக இருந்தபோது, 1989இல், என் அலுவலகத்திலிருந்து போகிற கடிதங்களை எல்லாம் நானே திருத்த வேண்டியிருக்கிறது, ஆங்கிலத்தை அவ்வளவு ‘ப்ளடி’ மோசமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே பேசினார். 2022 செப்டம்பரில் வட அயர்லாந்தின் ஹில்ஸ்பரோ மாளிகையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது பேனா கசிந்து கையில் மை ஒட்டியதும் ‘இந்த ப்ளடி சனியன்’ என்கிற மாதிரி சலித்துக்கொண்டதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. தாயை இழந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை அவருக்கு. பாவமாகத்தான் இருந்தது.

நீங்கள் பதிலுக்குச் சொல்ல வேண்டாம். வேற்றுமொழியில் திட்டுச் சொல்லின் எடை நம் காதுக்குத் துல்லியமாகத் தெரியாது. அவர் சொல்கிற தொனியும் நீங்கள் சொல்கிற தொனியும் ஒன்றாக இருக்காது. அவரே உங்களோடு நன்றாகப் பழகி, ஒரு நாள் நீங்கள் தன்னையறியாமல் சொல்லிவிட்டால் அது வேறு.

கேள்வி: ‘எனக்குத் துளியும் கவலையில்லை’ என்று பொருள்படும் ‘ஐ டோன்ட் கிவ் எ டேம்’ என்பதில் வருவது நம் நாட்டுச் செப்புக்காசான ‘தாம்’தான் என்று படித்தேன். சரியா?
— நாணயம் சேகரிப்பவர், மதுரை

பதில்: உங்கள் ஆசை புரிகிறது. அக்பர் காலத்தில் 40 தாம் ஒரு ரூபாய், ஆக ‘ஒரு தாம்கூடப் பெறாது’ என்பது நம் ‘சல்லிக்காசு பெறாது’ போலவே இருக்கிறது. இந்தியாவில் புழங்கிய ஆங்கிலச் சொற்களுக்காக 1886இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இதை ஒரு யோசனையாக முன்வைத்தது. ஆக்ஸ்போர்டு அகராதி, சாமர்த்தியமான ஊகம், ஆனால் ஆதாரம் இல்லை என்று மறுத்துவிட்டது. அது தண்டனை விதித்தல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்த, சபிக்கிற பழைய ‘டேம்’தான்.

கேள்வி: நம் சினிமாவில் போலீஸ் அதிகாரியும் பணக்கார அப்பாவும் கோபம் வந்தால் ‘யூ ப்ளடி…’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மென்மையான சொல் என்று நீங்கள் சொல்கிறீர்கள், திரையில் அப்படித் தெரியவில்லையே?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: நீங்கள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். பிரிட்டனில் இந்தச் சொல் பெரும்பாலும் பொருள் மேல் விழுகிறது: மழை, பேனா, சர்வர், வேன். நம்மிடம் இது ஆள் மேல் விழுகிறது. என் கணிப்பு, அது நமக்கு வந்து சேர்ந்த வழிதான் இதற்குக் காரணம். வீட்டுப் பேச்சிலிருந்தோ நண்பர்களின் அரட்டையிலிருந்தோ அது நமக்கு வரவில்லை. பட்டாளத்திலும் ரயில்வேயிலும் தேயிலைத் தோட்டங்களிலும் அதிகாரம் பண்ணிய துரைமார்களின் வாயிலிருந்து, மேலே நின்றவன் கீழே நின்றவனைப் பார்த்துச் சொன்ன சொல்லாக வந்தது. துரைகள் போனார்கள், நாற்காலியும் அந்தச் சொல்லும் அப்படியே இருந்தன. அடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த நம் ஆட்கள் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் தமிழ்ப் படத்தில் கூலியாள் அதிகாரியைப் பார்த்து ‘ப்ளடி’ என்பதில்லை, எப்போதும் மறுபக்கம்தான்.

எனக்குப் பதினெட்டு வயது. ஊரிலிருந்து முதன்முதலாக வெளியே வந்து ஒரு கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் வரிசை தெரியாமல் தவறான பக்கத்திலிருந்து நுழைந்துவிட்டேன். அங்கே பொறுப்பில் இருந்தவர் எல்லார் முன்னாலும் ‘ப்ளடி ஃபூல்’ என்றார். ‘ஃபூல்’ என்றால் முட்டாள் என்று தெரியும். முன்னால் இருந்தது தெரியாது. தட்டை வைத்துவிட்டு அறைக்குப் போய் அகராதியைப் புரட்டினேன், உங்களைப் போலவே கும்பகோணத்து அம்மா, ‘ரத்தம் தோய்ந்த’ என்றுதான் இருந்தது. ரத்தம் தோய்ந்த முட்டாள் என்றால் என்னவாக இருக்கும், என் சாதியைச் சொல்கிறாரா, என் அம்மாவைச் சொல்கிறாரா என்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டு கிடந்தேன். அது வெறும் ‘மிக’ என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. அவர் முட்டாள் என்பதோடு நிறுத்தியிருந்தால் அன்று இரவு நான் சாப்பிட்டிருப்பேன்.